ஏ காலுக்குள் டி

ஒரு பெரிய 'ஏ'. உச்சி கூராக இல்லாமல் தட்டையாக, மேஜை மாதிரி. அகட்டி வைத்த இரண்டு காலுக்கு நடுவே பத்திரமாக ஒரு சின்ன 'டி'. ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியரின் மோனோகிராம் இது. எழுத்துகளைத் தனித்தனியே புள்ளி வைத்து எழுதினால் வெறும் இனிஷியல். பின்னிப் பிணைத்து ஒரே குறியாக்கிவிட்டால் மோனோகிராம்.

ஐநூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. நியூரம்பர்க்காரரான டியூரர் மரப் பலகையிலும் செம்புத் தகட்டிலும் செதுக்கி, படங்களை அச்சடித்து விற்றார். அம்மாவும் மனைவியும் சந்தையில் விற்றுக் கொடுத்தார்கள். படம் ஊர் ஊராகப் போகும். வரைந்தவர் கூடவே போக முடியுமா? குறி போனது.

இத்தாலியில் மார்க்கான்டோனியோ ரைமோண்டி என்று ஒரு கில்லாடி. டியூரரின் கன்னி மேரி வரிசைப் படங்களை அப்படியே செம்பில் செதுக்கிவிட்டார், 'ஏ-டி' உட்பட! டியூரர் வெனிஸுக்குப் போய்ப் புகார் கொடுத்தாராம். தீர்ப்பு என்ன தெரியுமா? படத்தைக் காப்பியடிக்கலாம், குறியைப் போடக்கூடாது. இதைச் சொல்லும் வசாரி கொஞ்சம் மசாலா தூவுகிற ஆசாமிதான். ஆனால் 1512-ல் நியூரம்பர்க் நகர மன்றம் ஒரு வெளியூர் வியாபாரியிடம் இதையேதான் சொன்னது. குறியை எடு, இல்லையென்றால் சரக்கு பறிமுதல்.

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குட்வில். தொட்டுப் பார்க்க முடியாத சொத்து. எவனாவது திருடும்போதுதான் இருப்பதே தெரியும்.

சரி, அந்தக் குறியை எவ்வளவு தூரம் நம்பலாம்? 1515-ல் அவர் வெளியிட்ட காண்டாமிருகத்தைப் பாருங்கள். குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலேறிய மிருகம். மனுஷன் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. யாரோ அனுப்பிய கடிதமும் கோட்டோவியமும்தான் ஆதாரம். உடம்பெல்லாம் போர்க்கவசம் மாதிரித் தகடுகள், முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. மேலே கம்பீரமாக 'ஏ-டி'. காண்டாமிருகம் என்றால் இதுதான் என்று ஐரோப்பா இருநூறு வருஷத்துக்கும் மேல் நம்பியது. 'நான் செய்தேன்' என்றுதான் குறி சொல்கிறது. 'நான் பார்த்தேன்' என்று வாங்கியவர்களாகப் படித்துக்கொண்டார்கள்.

போலிகளை விரட்டத்தான் 1896-ல் ஜார்ஜ் வுயித்தோன், அப்பா லூயியின் 'எல்-வி'யைப் பெட்டி முழுக்க இறைத்தார். இன்று உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் குறிகளில் அதுவும் ஒன்று! டியூரர் ஒரு மூலையில் வைத்தார். இங்கே மூலையே மிச்சமில்லை. அந்தப் பையைப் பார்த்தால் எனக்கு ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட அலுப்புதான் வருகிறது.

டியூரரிடம் அலுப்பே வராது. 1500 வாக்கில் ஒரு சூனியக்காரியைச் செதுக்கினார். ஆட்டின் மேல் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பறக்கிறாள். அச்சில் இடம் வலமாகும் என்பது தகடு செதுக்குகிறவருக்கு அரிச்சுவடி. அப்படியும் கீழே 'டி' இடம் வலமாகத் திரும்பிக் கிடக்கிறது. கை தவறிவிட்டதா? அவள் கூந்தலும் காற்றுக்குக் கட்டுப்படாமல்தான் பறக்கிறது. எனக்கென்னவோ, வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றுதான் படுகிறது.