காது கொடுக்கும் ஜெபம்

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஜெபம் என்றதும் நினைவுக்கு வருவது குரல்தான். கன்வென்ஷன் பந்தல், ஒலிபெருக்கி, உரத்த ஸ்தோத்திரம். கத்தோலிக்கரின் தவக்காலத் தியானத்திலும் பெரும்பொழுது பிரசங்கத்துக்கே போகிறது. குரல் எழுப்புவது தவறில்லை; விவிலியமே அதைச் சொல்கிறது. ஆனால் எலியாவைத் தேடிக் கடவுள் காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் வரவில்லை, மெல்லிய ஓசையில் வந்தார் என்றும் அதே விவிலியத்தில் வாசிக்கிறோம். அந்த ஓசைக்கு நம் வழிபாட்டில் இடம் எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தார்கள். குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், 1950இல் ஜூல்ஸ் மோன்ஷானின், ஹென்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்றால் பலருக்கும் தெரியும்.

அதற்கு முந்தைய ஆண்டு இருவரும் திருவண்ணாமலைக்கு ரமணரைக் காணச் சென்றிருந்தனர். பெரும் எதிர்பார்ப்போடு போன லெ சோவுக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சியது. அங்கே தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் வெளிப்படையாகப் பேசினார்: மூட்டை மூட்டையாகக் கருத்துகளைச் சுமந்து வந்திருக்கிறீர்கள், அவற்றை இறக்கிவிட்டு வெறுமனே உட்காருங்கள் என்பதே அதன் சாரம். குருப்பட்டம் பெற்று, துறவு மடத்தில் பல்லாண்டு வாழ்ந்தவருக்கு இந்தப் பாடம்! அவர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு அருணாசலக் குகைகளில் மௌனமாகத் தங்கினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்ற அவருடைய வாழ்க்கையில், என் மதிப்பீட்டில், எழுதிய நூல்களைவிட இந்தப் பணிவே பெரிது. மோன்ஷானினுக்கோ அத்வைதத்தில் கிறிஸ்து கரைந்துவிடுவாரோ என்ற கவலை கடைசிவரை இருந்தது. அந்தக் கவலையையும் நான் மதிக்கிறேன். கிறிஸ்தவ மௌனம் ஒருவர் பேசுவதற்காகக் காத்திருப்பது.

1968இல் சாந்திவனத்தின் பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸ், 1993இல் மறையும்வரை காலை மாலைத் தியானத்தை ஆசிரமத்தின் அன்றாட ஒழுங்காக்கினார். இதே தேடல் தமிழகத்துக்கு வெளியிலும் நடந்தது. 1950களில் மலாயாவில் சுவாமி சத்யானந்தரிடம் அமர்ந்து ஜெபிக்கக் கற்ற ஜான் மெயின், பின்னாளில் பெனடிக்டைன் துறவியானார். மடத்தில் அந்தப் பழக்கத்தை விடச் சொன்னார்கள், விட்டார். பல ஆண்டுகள் கழித்து, பழங்காலத் துறவி ஜான் காசியனின் எழுத்தில் அதே முறையைக் கண்டு திரும்பினார். வெளியாரிடம் கற்றதாக நினைத்தது சொந்த வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்திலும் ஓர் இடம் உண்டு. பழநி வழியாகக் கொடைக்கானல் ஏறினால் பெருமாள்மலை. அங்கே 1996இல் இயேசு சபைக் குரு ஆமா சாமி போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்தை நிறுவினார். ஜப்பானில் யமதா கோவுன் ரோஷியிடம் பயின்றவர் அவர்.

மலையேற முடியாதவர்களுக்கு? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, உரிய நேரங்களில் திருஅமைதி காக்கச் சொல்கிறது. மறையுரை முடிந்ததும் பாடகர் குழு கீபோர்டைத் தொடாமல் இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் போதும். வருகிற ஞாயிறே தொடங்கலாம்.