ஒவ்வொரு முறையும் ஹெட்டுக்கு ஃபேசிங் தேவையா?

அம்பாசிடரில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றால் பெரும்பாலான பட்டறைகளில் வேலை ஒரே வரிசையில்தான் நடக்கும். தண்ணீரை வடிப்பார்கள், ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள், அங்கே ஃபேசிங், அதாவது ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்தும் வேலை, முடிந்து வந்ததும் புது கேஸ்கெட் வைத்து நட்டுகளை முறுக்குவார்கள். வண்டி மறுபடி ஓடும். எதனால் கேஸ்கெட் போனது என்ற கேள்விக்கு மட்டும் இந்த வரிசையில் இடமே இல்லை.

முதலில் இந்த முறையின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். உத்தர்பாராவில் 2014 வரை தயாரான இந்தக் கார், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்தது. நெடுங்காலம் அதை இழுத்தது 1489 சி.சி. கொண்ட பி.எம்.சி. பி சீரிஸ் பெட்ரோல் எஞ்சின். பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதால், அலுமினிய ஹெட் உள்ள எஞ்சின்களைப் போல நடுவிலுள்ள கேஸ்கெட் உரசித் தேய்வதில்லை. கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருப்பதால் டைமிங் செயினைத் தொடாமலே ஹெட்டைத் தூக்கிவிடலாம். கைக்கருவிகளே போதும். ரேடியேட்டரில் கசிவடைக்கும் பொடியைக் கொட்டி நாளைக் கடத்தாமல், எஞ்சினைத் திறந்து பார்த்துவிடும் மெக்கானிக்கின் துணிவை நான் மதிக்கிறேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை வரவழைத்து, நட்டுகளை மறுபடி முறுக்கி, டேப்பட் வைத்துத் தரும் வழக்கமும் சரியானதே. செம்புத் தகடு கேஸ்கெட் சூட்டில் அமுங்கிப் படிந்த பிறகு அந்த முறுக்கு அவசியம்.

சிக்கல் கழற்றும்போதே தொடங்குகிறது. இந்த எஞ்சினில் ராக்கர் தண்டைப் பிடித்திருக்கும் நான்கு பெரிய நட்டுகள் ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஆகவே ஹெட்டிலுள்ள எல்லா நட்டுகளையும் வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மற்றவை இறுகியிருக்க, ராக்கர் பக்கத்து நட்டுகளை மட்டும் ஒரே மூச்சில் கழற்றினால் ஹெட் முறுக்கிக்கொள்ளும். பிறகு, ஹெட் வளைந்திருக்கிறது, ஃபேசிங் போட்டே ஆக வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது.

ஃபேசிங் தேவைப்படும் ஹெட்டுகள் உண்டு. ஆனால் அதை நேரான இரும்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் சொல்ல வேண்டும், பழக்கம் சொல்லக் கூடாது. நீளத்திலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் பட்டையை வைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். அளக்காமல் அனுப்பும் ஒவ்வொரு முறையும் எரியறையின் கொள்ளளவு குறைகிறது, சுருக்க விகிதம் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மேடு ஏறும்போது எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்த அதிகப்படி அழுத்தத்தைத் தாங்க வேண்டியதும் இதே கேஸ்கெட்தான். புதிதாக வார்க்கப்படாத ஒரு எஞ்சினின் ஹெட்டிலிருந்து காரணமில்லாமல் இரும்பைச் சீவி எடுப்பது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஹெட்டுக்குக் கிடைக்கும் இந்தக் கவனத்தில் பாதிகூட பிளாக்குக்குக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பலம் கொண்ட மட்டும் முறுக்கிய ஸ்டட்டுகள், பிளாக்கின் மேற்பரப்பில் தம் துளையைச் சுற்றிச் சிறு மேடாக இரும்பை இழுத்திருக்கும். அந்த மேட்டின் மேல் எத்தனை நல்ல கேஸ்கெட்டும் படியாது. ஸ்டட்டைக் கழற்றி, துளையின் வாயை லேசாகச் சரித்துவிட்டால் தீரும் வேலை அது.

அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். நம் ஊரில் ரேடியேட்டரில் ஊற்றுவது பெரும்பாலும் போர்த் தண்ணீர். உப்பும் துருவும் சேர்ந்து பிளாக்கின் பின்கோடியில், நான்காம் சிலிண்டரைச் சுற்றிச் சேறாக இறுகிவிடும். பின்பக்கத்து வடிகுழாயைத் திறந்தாலும் சொட்டு நீர் வராத வண்டிகள் உண்டு; கம்பியால் குத்தினால்தான் வழி பிறக்கும். அந்தச் சேறு இருக்கும்வரை அங்கே சூடு குறையாது. சூடேறுகிறதே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இதற்கு மருந்தல்ல. பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வட்டத் தகடு மூடிகளை எடுத்து, உள்ளே சுரண்டி, எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். கூலண்ட்டும் ஊற்ற வேண்டும்.

இந்த முறையில் நான் மன்னிக்கவே முடியாத ஒரு குறை உண்டு. பழைய கேஸ்கெட்டுகளில் செம்புத் தகடுகளுக்கு நடுவே இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். ஒட்டிக்கொண்ட மிச்சத்தை உலர்ந்தபடியே கம்பி பிரஷ் சக்கரத்தால் தேய்த்து, தூசியை வாயால் ஊதும் பையன்களை இன்றும் பார்க்கலாம். அந்த இழை நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். நோய் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தூசி கிளம்பாதபடி நனைத்து, கையால் மெல்லச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் செலவு எதுவுமில்லை. அதைச் செய்யாத பட்டறை மற்றதை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அங்கே என் வண்டியை விடமாட்டேன்.

இவ்வளவுக்கும் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. கேஸ்கெட்டுக்கும் ஃபேசிங்குக்கும் மறுபேச்சின்றிப் பணம் கொடுக்கும் நாம், பிளாக்கைக் கழுவ ஒரு நாள் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். மாலைக்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் நாம்தான். ஹெட் எத்தனை மில்லிமீட்டர் வளைந்திருந்தது, எவ்வளவு சீவினீர்கள் என்ற இரண்டு எண்களை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்து பார்த்தவர் தயங்காமல் எழுதுவார்.