கேட்காமல் கொடுக்கும் ட்யூப்

முகத்தில் மங்கு விழுந்தாலும் இடுப்பில் படர்தாமரை வந்தாலும் திண்டுக்கல்லில் பலர் முதலில் போய் நிற்பது மெடிக்கல் கடையில்தான். “அண்ணே, நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க” என்றால் போதும், ட்யூப் கைக்கு வந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை ஒரேயடியாகக் குறை சொல்வது நியாயமல்ல. நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போகும் பெண் தனியார் தோல் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பஸ் செலவும் ஃபீஸும் தனி. விவரம் தெரிந்த மருந்தாளுநர் சொல்லும் யோசனை அவருக்கு உண்மையிலேயே உதவும். பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடில் தொடங்கலாம். அது தலையணை உறையை வெளுக்கச் செய்யும். சன்ஸ்கிரீன் போடாமல் வெயிலில் நின்றால், மங்குக்கு வாங்கிய க்ரீம் வீண். இவற்றைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

கேடு ஸ்டீராய்டில் இருக்கிறது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டான மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீம்கள், 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் வகுத்த கலவையின் வழியில் வந்தவை. டாக்டர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் என்றால் மங்குக்கு நல்ல மருந்து. அதையே சிவப்பழகு க்ரீமாக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும்; பயந்துபோய் அதே ட்யூபை மறுபடி வாங்குவார்கள். படர்தாமரையிலும் இதே கதை. குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும். பூஞ்சையோ உடலெங்கும் பரவும்.

சட்டம் இல்லாமலில்லை. மேற்பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு இருந்த விலக்கை 2018 மார்ச்சில் மத்திய அரசு நீக்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. கடையில் அந்தச் சீட்டைக் கேட்பவர்தான் அரிது. பெயர், முகவரி அச்சிடாத டப்பாக்கள் இன்னும் மோசம்: 2023-இல் மலப்புறத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்களால் பலரின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள்.

கடைக்காரர் யோசனை சொல்வதில் பிழையில்லை. கேள்வி கேட்காமல் கொடுப்பதே பிழை. எத்தனை நாளாக இருக்கிறது, முன்பு என்ன பூசினீர்கள், கர்ப்பமாக இருக்கிறீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் ட்ரெட்டினாயினைக் கொடுக்கவே கூடாது. 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. பரவிவிட்ட படர்தாமரைக்கு இன்னொரு ட்யூபை எடுக்காமல், அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் கடைக்காரர் ஒரு விற்பனையை இழப்பார். வாடிக்கையாளரின் தோல் தப்பும்.