மெய்ப்பாடும் உயர்நிலைப் பள்ளித் தமிழும்

மாணவரின் உணர்வுகளைப் பண்படுத்துவதும் பள்ளியின் கடமை என்னும் கருத்து வலுப்பெற்று வருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதனை ஏற்றுப் பேசுகிறது. அதற்கு முன்பே, 2018 ஜூலையில், தில்லி அரசு தன் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடம் என்றொரு தனி வகுப்பைத் தொடங்கிற்று. ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. உள்ளம் கொந்தளிக்கும் பருவமோ அதன் பின்னரே வருகிறது! தேர்வுச் சுமை மிகுந்த உயர்வகுப்புகளில் இப்பணிக்கு உரியது மொழிப்பாடமே என்பது நம் கருத்து.

தமிழுக்கு இது முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு களங்களில் தோன்றும் என வகுக்கிறது. (அவ்வியல் செய்யுளை ஆராய எழுந்ததேயன்றிச் சிறுவர் மனத்தைத் திருத்த எழுந்ததன்று, மிகை கூறுதல் வேண்டா.) எனினும் அழுகைக்கு அது காட்டும் களங்களை நோக்குவோம்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல் வேறு. உற்றாரை இழத்தல் வேறு. முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல் வேறு. பிள்ளை அழுதால் "அழாதே" என்பதோடு நிறுத்திவிடும் நாம், இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. சென்ற திங்களின் வெண்ணிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் தமதாயிருந்தது. இத்திங்களில் இரண்டும் இல்லை. இதனைக் கற்பிக்கும்போது பாடியவர் யார், திணை யாது, துறை யாது, சொற்பொருள் யாது எனக் கேட்கிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் இத்துயர் இழவா, அசைவா என்று ஒரு வினாவை எழுப்பினால் வகுப்பு விழித்துக்கொள்ளும். தந்தை இறந்தமையால் இழவு என்பான் ஒருவன். ஊரும் போயிற்றே, அசைவும் உண்டு என்பாள் ஒருத்தி. இருவரும் பாட்டுக்குள் மீண்டும் புகுந்து சான்று தேட வேண்டிவரும்.

ஐதராபாத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது அயலார் கதையன்று. தந்தைக்கு இடமாற்ற ஆணை வந்தால், பல்லாண்டு நட்பைச் சில நாளில் விட்டுவருவோர் அவர்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயில்கின்றனர். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெலுங்கும் கட்டாயம். தமிழோ வீட்டில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. நாணத்தையும் சினத்தையும் சொல்லத் தமிழில் சொல்லறியாத பிள்ளை, அவற்றைத் தாயிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

ஒன்று மட்டும் கூடாது. எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, உன் துயரைக் கூறு எனக் கேட்டலாகாது. உணர்ச்சிக்கு மதிப்பெண் இடுதலும் ஆகாது. பாரி மகளிரைப் பற்றிப் பேசட்டும். தன்னைப் பற்றிச் சொல்வதும் சொல்லாமையும் மாணவன் விருப்பம். தேர்வில்லாத ஞாயிறு வகுப்புகளில் இதனை முதலில் செய்து பார்க்கலாம். ஒரு பருவத்திற்கு இரண்டு பாடல்கள் போதும்.