மன உறுதி என்கிற ஒரு சொல்

2024 பிப்ரவரியில், ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி வந்தது. வயது 23. மலையாளிப் பழங்குடி. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் காரில் சென்னை போய்த் தேர்வெழுதியவர். நான் படித்த செய்திகளிலெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது ஒரே சொல்: மன உறுதி.

அந்த உறுதியை யார் மறுப்பது? ஆனால் வெற்றி முழுவதையும் ஒருத்தியின் சுபாவக் கணக்கில் எழுதிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம்.

1956இல் நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் தம்பதியர் குழந்தைகளின் சுபாவத்தை ஆராயத் தொடங்கினார்கள். பிள்ளை எப்படி வளர்ந்தாலும் தாயையே குற்றம் சொன்ன காலம் அது. அவர்கள் பிரித்துக் காட்டிய ஒன்பது இயல்புகளில் விடாப்பிடியும் ஒன்று. சுற்றியிருப்பவர்கள் ஓர் இயல்புக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது பலமாகவோ தொல்லையாகவோ ஆகிறது என்றார்கள்.

ஸ்ரீபதிக்குத் தாயும் கணவரும் துணை நின்றார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. இதே விடாப்பிடியோடு இன்னொருத்தி ‘மேலே படிப்பேன்’ என்று வீட்டில் நின்றால் அதற்குப் பெயர் திமிர். சாமைக் கொல்லையில் நாளெல்லாம் குனிந்து களையெடுத்தால் பொறுமைசாலி.

பச்சை உடம்போடு ஒருத்தி ஏன் தேர்வறைக்குப் போக வேண்டியிருந்தது, வேறொரு நாளில் எழுத ஏன் வழியில்லை என்று கேட்ட செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை.