கூடுதுறையில் ஒரு யோசனை

பவானியில் கூடுதுறைக்குப் பக்கத்தில், நண்பர் வீட்டுத் திண்ணையில் ஜமக்காளம் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோருக்கும் அறுபது கடந்துவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, தனித்தனி வீடும் பொதுச் சமையலறையும் கட்டிச் சேர்ந்து வாழலாம் என்று யோசனை. இன்னும் பத்துக் குடும்பம் வேண்டும். “நீங்களும் ஒரு வீடு எடுத்துக்குங்க, எங்களுக்குத் தெம்பா இருக்குமுங்க” என்றார் நண்பர்.

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வந்ததும் ஹாதார்னின் ‘தி பிளைத்டேல் ரொமான்ஸ்’ நாவலை மறுபடி எடுத்தேன்.

1841-ல் பாஸ்டன் நகருக்கு அருகே ஜார்ஜ் ரிப்ளி தொடங்கிய புரூக் பார்ம் என்ற கூட்டுப் பண்ணையில் ஹாதார்ன் பணம் போட்டுச் சேர்ந்தார், எரு வாரினார், ஆண்டு முடிவதற்குள் வெளியேறினார். பிறகு பணத்தைக் கேட்டு வழக்கும் போட்டார். பண்ணை 1847-ல் கலைந்தது. நாவல் 1852-ல் வந்தது.

நாவலின் உயிர் ஹாலிங்ஸ்வொர்த் என்ற பாத்திரம். குற்றவாளிகளைத் திருத்த ஒரு விடுதி கட்டுவது அவன் லட்சியம். அதற்குப் பண்ணை நிலத்தின் மேலேயே அவனுக்குக் கண், கூட்டத்தாரிடம் சொல்வதில்லை. அவன் அயோக்கியன் அல்லன் என்பதுதான் விசேஷம். கதை சொல்லும் கவர்டேலோ வந்த மறுநாளே காய்ச்சலில் படுக்கிறான். எழுந்த பின் மற்றவர்களை வேடிக்கை பார்க்கிறான். ஒரே வாழ்வுக்கு ஒப்புக்கொண்டவர்கள் வெவ்வேறு வாழ்வைத் தேடி வந்தவர்கள். இதைக் கண்டு காட்டியது ஹாதார்னின் வெற்றி.

குறையும் உண்டு. யார் எவ்வளவு போட்டார்கள், விலகுகிறவனுக்கு என்ன திரும்பும் என்பதில் நாவல் நிற்பதில்லை. வழக்கு வரை போன மனிதர், காதலையும் பொறாமையையும் முன்னே வைத்துக் கணக்கு நோட்டை மூடிவிட்டார். மனஸ்தாபம் முளைப்பது அந்த நோட்டில்தான் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1968-ல் புதுச்சேரிக்கு அருகே, 50,000 பேருக்கென்று திட்டமிட்டுத் தொடங்கிய ஆரோவில்லில் அரை நூற்றாண்டு கடந்தும் சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். ஆனால் புதிதாக வருபவரைச் சில காலம் உடன் வைத்துப் பார்த்த பிறகே சேர்ப்பது அங்கே வழக்கம். நண்பர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அவருக்கு எழுதினேன்: “நிலம் பிறகு வாங்கலாம். முதலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓராண்டு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். விலகுகிறவருக்குப் பணம் எப்படித் திரும்பும் என்று இப்போதே எழுதி வையுங்கள். நானும் கவர்டேல் மாதிரி வேடிக்கை பார்த்துப் பழகியவன். என்னைத் தேங்காய் துருவச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.”