கைட் செயலி: தென்காசியில் போட்ட ஆர்டர் எங்கே நிற்கிறது?

பங்கு வர்த்தகச் செயலி என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். ஸெரோதா என்ற தரகு நிறுவனத்தின் கைட் செயலியைத் தென்காசியிலோ குற்றாலத்திலோ இருந்து இயக்கும், அன்றன்றே வாங்கி விற்கும் இன்ட்ராடே வர்த்தகருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. இங்கிருந்து பங்குச்சந்தைகள் இருக்கும் மும்பைக்கு நேர்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே தூரத்தால் வரும் தாமதம் ஆறு மில்லி நொடிதான். கேபிள் சுற்றி வருவதால் அது சில மடங்கு கூடினாலும், விலை மாறியதைக் கண்டு விரல் அசையவே 200 மில்லி நொடி ஆகும். சந்தையின் கணினிக்குப் பக்கத்திலேயே தங்கள் சர்வரை வைத்திருக்கும் நிறுவனங்களோடு, மும்பையிலேயே குடியிருப்பவராலும் கைபேசியை வைத்துப் போட்டியிட முடியாது. தென்காசிக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறையிலிருந்தே ஸோஹோ நிறுவனம் மென்பொருள் செய்கிறது. இணையம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் ஜூன், ஜூலையில் காற்றும் சாரலும் சேர்ந்தடிக்கும் ஒரு மதியம் மின்சாரமோ சிக்னலோ போனால், போட்ட ஆர்டர் எங்கே நிற்கிறது? செயலியை இதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

கைட்டில் 'வாங்கு' என்று தட்டியதும் ஆர்டர் முதலில் தரகரின் சர்வருக்குப் போகிறது. கணக்கில் மார்ஜின் எனும் ஈட்டுத் தொகை இருக்கிறதா என்று அங்கே பார்க்கிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து முழு மார்ஜினும் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வழியில்லை. அதைத் தாண்டிய பிறகே ஆர்டர் என்எஸ்இ அல்லது பிஎஸ்இ சந்தைக்குப் போய், விலை முதலில், நேரம் அடுத்து என்ற வரிசையில் நிற்கும். நஷ்டத்தை ஒரு விலையோடு நிறுத்தப் போடும் ஸ்டாப்லாஸ் ஆர்டரும் இப்படித்தான் சந்தைக்குப் போய், அங்குள்ள தனிப் பதிவேட்டில் காத்திருக்கிறது. கைட்டில் 'டிரிகர் பெண்டிங்' என்று தெரிவது இதுவே. அதற்குப் பிறகு கைபேசி அணைந்தாலும் கவலை இல்லை. விலை தொட்டதும் சந்தையே அதை எடுத்து இயக்கும். குறித்த விலை வரும்வரை காத்திருக்கும் ஜிடிடி ஆர்டர் அப்படியல்ல. அது தரகரின் சர்வரில் கிடந்து, விலை வந்த பிறகே சந்தைக்குக் கிளம்புகிறது. ஆர்டர் இணைக்காத விலை அலர்ட்டோ வெறும் தகவல்தான். வர்த்தகரின் கண்ணுக்கு மூன்றும் 'போட்டு வைத்தது' என்றே படும். ஆர்டர் விவரத்தைத் திறந்து சந்தை கொடுத்த ஆர்டர் எண் இருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும். இத்தனை முக்கியமான தகவலை உள்ளே வைக்காமல் முதல் வரியிலேயே காட்டியிருக்க வேண்டும்; கைட்டில் நான் காணும் பெரிய குறை இது.

ஸ்டாப்லாஸும் கைவிடும் என்பார்கள். உண்மைதான். லிமிட் எனும் விலை வரம்போடு போட்ட ஸ்டாப்லாஸை விலை ஒரே தாவலில் கடந்துவிட்டால் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும். டிரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவே இடைவெளி விடுவது அதனால்தான். சந்தையே நின்றுபோகும் நாளும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ காலை 11.40-க்கு நின்று, மாலை 3.45-க்குத்தான் மறுபடி திறந்தது. பிஎஸ்இ இடையில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சந்தைக்கு அனுப்புவது என்பதை, நல்ல விலை பார்த்துத் தானே முடிவு செய்யும் ஸ்மார்ட் ஆர்டர் ரூட்டிங்கை, சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2010-லேயே அனுமதித்துவிட்டது. கைட்டிலோ அந்தத் தேர்வு இன்னும் நம் கையில்தான். இரண்டு சந்தை விலையையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகமாக உள்ளே போய் வேகமாக வெளியே வருவதில்தான் இன்ட்ராடே லாபம் என்று சொல்பவர்கள் செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 தடவைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80 சதவீதம். ஆகவே வேகமாகத் தட்ட வசதி தரும் பொத்தான்களுக்கு நான் மதிப்பெண் கூட்டவில்லை. சிக்னல் போனால் ஸெரோதாவைத் தொலைபேசியில் அழைத்து ஆர்டர் போட ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஆகும். வாங்கிய கையோடு ஸ்டாப்லாஸையும் போட்டுவிட்டவருக்கு அந்த அழைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. தரகர் அனுப்பும் அன்றைய வர்த்தக விவரச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டில் ஆர்டர் நேரமும் வர்த்தக நேரமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி வருகின்றன. ஆர்டர் சந்தையை அடைந்து எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வர்த்தகரிடம் இல்லை.